விழுந்தவர்கள் மேலே போன மலை

இதை நான் பிழையாய்ச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். ஒரு விஷயத்தை எங்கே தொடங்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தவமலரைக் கேட்டால் தோடம்பழத்தில் தொடங்கு என்பாள், என் வீட்டுக்காரரைக் கேட்டால் அவருடைய செருப்பில் தொடங்கச் சொல்வார், மலை லிப்ட் ஓட்டும் ஓட்வாரைக் கேட்டால் அன்றைக்கு மைனஸ் இருபத்துநாலு என்பதையும் அந்தக் குளிரில் லிப்டை ஓட்ட விதியில் இடமில்லை என்பதையும் முதலில் எழுது, மலை செய்ததைப் பிறகு எழுது என்பான். ஆளுக்கொரு மாதிரிச் சொல்லிச் சொல்லி, இப்போது கடையில் ரொட்டி வாங்க நிற்கிற சின்னப் பிள்ளைகள்கூட நான் பறந்தேன் என்று சொல்கிறார்கள். நான் பறக்கவில்லை. சறுக்கினேன். அதுவும் பின்பக்கமாக.

எங்கள் ஊர் நோர்வேயின் வடக்கில், முன்னால் கடலும் பின்னால் மலையுமாக, நடுவில் ஒரு மீன் பக்டரி, ஒரு கடை, ஒரு தேவாலயம், வெள்ளையும் சிவப்புமாய்க் கொஞ்ச வீடுகள் என்று இருக்கிற ஊர். அந்த வீடுகளில் பாதியில் தமிழ் ஆட்கள் நாங்கள் இருக்கிறோம். கொட் மீனை வெட்ட வந்து, ஒரு குளிர்காலம் இருந்து பார்ப்போம் என்று இருந்து, பிள்ளைகள் பிறந்து, பிள்ளைகளுக்கு மீசை முளைத்து, அப்படியே இருந்துவிட்டவர்கள். மலையில், சறுக்க வருபவர்களைக் கம்பியில் இழுத்து மேலே ஏற்றும் லிப்ட் ஒன்றே ஒன்று இருப்பதால் நாங்கள் அதை லிப்ட் மலை என்போம். நோர்வேக்காரர் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். அது என் வாயில் இன்றுவரை சரியாய் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூன்று பேர் அந்த மலையில் ஏறுவோம். மீன் வெட்டும் மேசையில் எனக்கு வலப்பக்கம் நிற்பவள் தவமலர். எழுவைதீவுக்காரி, கடலையும் காற்றையும் கண்டு பயப்படாதவள், என்னைவிட ஆறு வயது இளையவள். இடப்பக்கம் தூரி, நோர்வேக்காரி, நெட்டையாய், எலும்பாய், அறுபதைக் கடந்தும் படிகளை இரண்டிரண்டாய் ஏறுபவள். நான் இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில், பனி உறைந்து கண்ணாடியாய்க் கிடந்த தெருவில் ஓரடி வைக்கப் பயந்து வாசலைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, தூரிதான் ஒரு கோட்டுப் பை நிறைய மணல் கொண்டுவந்து, எனக்கு முன்னால் நடந்து, நான் கால் வைக்கிற இடமெல்லாம் மணலைத் தூவித் தூவி என்னைப் பக்டரிவரை கொண்டுபோனாள். அடுத்த நாளும் வந்தாள். பனி கரையும்வரை வந்தாள். அவள் கோட்டுப் பை அந்த மணலால் கிழிந்துபோனதை நான் பிறகுதான் கண்டேன். அவளோடு நான் கதைப்பது நோர்வே மொழியில், இங்கே நம் மொழியில் எழுதுகிறேன். மேசையில் நின்று எங்களிடம் அவள் பொறுக்கிய தமிழ்ச் சொற்கள் நாலைந்து உண்டு, ஓம், அவசரப்படுத்த ஒரு கெதியா, போதும் என்பதற்கு ஒரு காணும், பைத்தியம் என்று ஏச ஒரு விசர்.

லிப்ட் இல்லாமல் மலை ஏறுவது எப்படி என்றும் அவள்தான் காட்டித் தந்தாள். பனியில் சறுக்கக் காலில் பூட்டும் ஸ்கீப் பலகையின் அடியில் தோல்பட்டி ஒன்றை ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் பசை, மறுபக்கம் மயிர். பூனையின் முதுகைத் தடவுவது போல, ஒரு திசையில் வழுக்கும், மற்றத் திசையில் பிடிக்கும். முன்னே போகலாம், பின்னே வழுகாது. உச்சிக்குப் போனதும் தோலை உரித்து, பசை குளிரில் செத்துப் போகாமல், ஜாக்கெட்டுக்குள்ளே நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கீழே சறுக்கிப் போக வேண்டும். தூரியின் மகள் சின்ன வயதில் போட்ட ஸ்கீயும் சப்பாத்தும் தோலும்தான் எனக்குக் கிடைத்தவை, ஏனென்றால் என் பாதம் பத்து வயதுப் பிள்ளையின் பாதம்.

ஆனால் நான் உச்சியைக் கண்டவளில்லை. மலையின் பாதியில் ஒரு வளைந்த பிர்ச் மரம் நிற்கிறது. அங்கே வந்ததும் என் கால் நின்றுவிடும். தோலை உரித்து நெஞ்சில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து மெல்ல மெல்ல, குறுக்கே குறுக்கே, பாதி வழி இருந்தும் தவழ்ந்தும் இறங்கிவிடுவேன். பதினாலு குளிர்காலமாய் அதுதான் என் மலை.

அன்றைக்கும் பிர்ச் மரத்தடியில் நின்றேன்.

"அக்கா, இண்டைக்காவது மேலை வாங்கோவன்," என்றாள் தவமலர். "உச்சியிலை வெயில் நிக்குது, பாருங்கோ. ரெண்டு மாசமா வெயிலைக் காணேல்லை. தோடம்பழம் கொண்டந்திருக்கிறன், வெயிலிலை இருந்து தின்பம்."

"எனக்கு வெயிலும் வேண்டாம், பழமும் வேண்டாம். அடுப்பை நிப்பாட்டினனானோ தெரியேல்லை."

"அடுப்பை நிப்பாட்டின படத்தை மூண்டு தரம் எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறீங்கள். உங்கடை அடுப்புத்தான் என்ரை போன் முழுக்க."

"மூண்டாவது படத்துக்குப் பிறகு ஆரும் போட்டிருந்தால்?"

தூரி மேலே இருந்து ஊன்றும் கம்பை ஆட்டி, "பவளம், விசர்!" என்று கத்தினாள். அன்பாகத்தான். அவர்கள் இரண்டு பேரும் மேலே போனார்கள். நான் தோலை உரித்தேன், நெஞ்சில் வைத்தேன், ஜாக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்தேன், ஸ்கீயின் முனைகளைக் கீழே பார்க்கத் திருப்பினேன், கம்புகளைத் தூக்கினேன்.

மலை என்னை மேலே கொண்டுபோனது.

இதைச் சொல்லும்போதுதான் பிழை வந்துவிடுமோ என்று பயப்படுகிறேன், ஆனால் இதற்குமேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை. நான் கீழே பார்த்தபடி, முகம் ஊரின் பக்கமாக, கடலும் பக்டரிப் புகையும் என் வீட்டுக் கூரையும் மெல்ல மெல்லச் சின்னதாகிக்கொண்டு போக, மலையில் பின்பக்கமாய் ஏறிக்கொண்டிருந்தேன். யாரும் தள்ளவில்லை. காற்றில்லை. தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவது போல அவ்வளவு இயல்பாக நான் மேட்டுக்கு ஓடினேன்.

குறுக்கே நின்று இளைப்பாறிக்கொண்டிருந்த தவமலரைக் கடந்தேன்.

"அக்கா! எங்கையக்கா போறீங்கள்?"

"என்னைக் கேக்கிறாய்? மலையைக் கேள்!"

"பின்பக்கமாப் போறீங்கள்!"

"தெரியுமடி!"

தூரியைக் கடந்தபோது அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஆச்சரியம் இல்லை. ஐந்து நிமிடம் முந்தி வந்துவிட்ட பஸ்ஸைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "ஆ, இன்றைக்கு இப்படியா," என்றாள். பிறகு குனிந்து தன் தோல்களை உரித்து, அவற்றைச் சுருட்டக்கூட நேரமில்லாமல் அப்படியே எறிந்துவிட்டு, அறுபத்தாறு வயதுப் பெண் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளையைப் போலக் கூவிக்கொண்டு மேலே பாய்ந்தாள். எறிந்த தோல்களும் அவள் பின்னாலேயே வழுகிப் போய், உச்சியைத் தாண்டி அந்தப் பக்கப் பாறைக்குள் விழுந்தன. நான் உச்சியின் சமதரையில் மெல்ல வந்து நின்றேன். அங்கே மலை யாரையும் இழுக்கவில்லை. தூரி என்னைவிட மூன்று மடங்கு வேகத்தில் வந்து, சிரித்துக்கொண்டே வந்து, லிப்டின் மேல் கம்பத்தில் மோதினாள். சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது.

எங்களுக்குப் பின்னால் வழுகி வந்து சேர்ந்த தவமலர் ஓட்வாருக்குப் போன் எடுத்தாள். "தூரிக்குக் கால் முறிஞ்சுபோச்சு. உச்சியில். மலை எங்களை மேலே சறுக்க வைக்குது."

"மேல்நோக்கியா?" என்றான் ஓட்வார். "சரி. என்ன வேகம்?"

ஓட்வார் கடமைக்காரன். காயப்பட்டவர்களை ஏற்றும் சறுக்குவண்டியை மலையடியில் கொண்டுவந்து வைத்து, முனையை மேலே திருப்பிக் கையை எடுத்தான். அது தானாக வந்தது. பாதி வழியில் பிர்ச் மரத்தைப் பக்குவமாய் விலகி, எங்கள் காலடியில் வந்து நின்றது. அதைப் பார்த்தவுடன் கீழே இருந்தவர்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது. மலை ஏன் இப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை; மலையால் இனி என்னென்ன அனுப்பலாம் என்றுதான் யோசித்தார்கள். கடைக்காரி கம்பளிகளை மடித்துக் கட்டி அனுப்பினாள். மதகுரு கோப்பிப் பிளாஸ்குகளை ஒரு பிளாஸ்டிக் மூடியில் நிறுத்தி அனுப்பினார். அவை ஒன்றன்பின் ஒன்றாய், தாய்க்குப் பின்னால் போகும் வாத்துகளைப் போல, அந்த வெள்ளை மலையில் எங்களை நோக்கி ஏறி வந்ததைப் போல வடிவான ஒன்றை நான் என் வாழ்க்கையில் கண்டதில்லை.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் தவமலர் எங்கள் ஆட்களின் வைபர் குழுவில், தூரிக்குக் கால் முறிந்துவிட்டது, மலையில் நிற்கிறோம் என்று போட்டுவிட்டாள். அதற்குக் கீழே, தயவுசெய்து ஒருவரும் வர வேண்டாம், வந்தால் இறங்க முடியாது என்றும் போட்டாள். அந்த இரண்டாவதை ஒருவரும் வாசிக்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு ஒருவருக்கு ஒன்று என்றால் நேரில் போய் நிற்காமல் இருக்க முடியாது; போய் என்ன செய்வது என்பது போன பிறகு யோசிக்கிற விஷயம். அன்றைக்கு அடிபட்டவள் தூரி. மணல் தூவிக் கூட்டிப்போனது என்னை மட்டுமில்லை. எங்களில் அநேகம் பேரின் முதல் குளிர்காலத்தில் அவள் ஏதோ ஒரு விதத்தில் நின்றிருக்கிறாள்.

வந்தார்கள். நோர்வேக்காரர் மலையடியில் வரிசையாய் நின்று, முன்னால் போனவர் உச்சியைத் தொட்ட பிறகே அடுத்தவர் என்று ஒழுங்காய் வந்தார்கள். எங்கள் ஆட்கள் மீன் பெட்டிகளில் நாலு நாலு பேராய், குந்தியிருந்து, ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஐயோ ஐயோ என்று கத்திக்கொண்டு வந்தார்கள். என் வீட்டுக்காரர் சாரத்துக்கு மேல் ஜாக்கெட்டும் காலில் வீட்டுச் செருப்புமாய், மடியில் சொதிச் சட்டியோடு, மீன் பெட்டியில் தனியாக வந்து இறங்கினார்.

"இஞ்சேரும், ஒரு சொட்டுச் சிந்தேல்லை," என்றார் என்னைப் பார்த்து. அதுதான் அவர் கேட்ட சுகம்.

"அடுப்பைப் பாத்தனீங்களோ?"

"எந்த அடுப்பு?"

ஆம்புலன்ஸ்காரர் இருவரும் தங்கள் பையோடு வழுகி வந்து தூரியின் காலுக்குக் கட்டுப் போட்டார்கள். சப்பாத்தைக் கழற்றிப் பார்த்த ஆம்புலன்ஸ்காரி முகத்தை மாற்றாமல் எழுந்து, என்னைத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னாள்: பாதத்துக்கு இரத்தம் போகவில்லை, அது வெள்ளையாகிக்கொண்டு வருகிறது, கெதியாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் அந்தப் பாதம் தூரிக்கு இல்லை. கடலில் இருந்து எழும்பிய உறைபனிப் புகார் மூட்டத்தில் ஹெலிகொப்டர் வராது, அந்தக் குளிரில் லிப்டும் ஓடாது. மருந்து மேலே இருந்தது, ஆஸ்பத்திரி கீழே இருந்தது, நடுவில் ஒருவரையும் இறங்கவிடாத மலை இருந்தது. ஒருவர் பின் ஒருவராய் இறங்கிப் பார்த்தார்கள். நாலடி போவார்கள், கால் வழுகும், மேலே வந்து விழுவார்கள். என் வீட்டுக்காரர் நாலு காலில் தவழ்ந்து பார்த்தார். செருப்பு ஒரு நிமிடம் முந்தி வந்தது, அவர் ஒரு நிமிடம் பிந்தி வந்தார்.

தூரி சறுக்குவண்டியில் கம்பளிகளுக்குள்ளே படுத்திருந்தாள். உதடு நீலமாய் இருந்தது. "பவளம்," என்றாள், "எப்படி இருந்தது?"

"எது?"

"சறுக்கினது. நான் சின்ன வயதிலிருந்து இந்த மலையில் ஏறுகிறேன், ஒரு நாள் அது என்னைச் சும்மா தூக்கிப் போகாதா என்று கேட்டிருக்கிறேன். போனது." பிறகு, "கால் இருப்பதே தெரியவில்லை," என்று மெதுவாய்ச் சொன்னாள்.

வழியைக் கண்டுபிடித்தவள் தவமலர். பக்டரிக்காரர் தூண்டில் வரிசையின் நீளக் கயிற்றை, மைல் கணக்கில் சுற்றிய உருளையோடு கொண்டுவந்திருந்தார்கள். ஏன் கொண்டுவந்தோம் என்று அவர்களுக்கே தெரியாது. "கிணத்துக் கப்பிதான்," என்றாள் தவமலர். "கயித்துத் தலைப்பு ஒண்டு வண்டியிலை. மற்றத் தலைப்பு கீழை போய், லிப்டின்ரை அடிச் சில்லைச் சுத்தி, திரும்பி எங்களிட்டை வரவேணும். நாங்கள் இழுப்பம். நாங்கள் இழுக்க இழுக்க வண்டி இறங்கும். சுத்திப்போட்டு விட்டால் கயிறு தானா மேலை வரும், இந்த மலையிலை எதுதான் வராது?"

"ஆர் கீழை கொண்டுபோறது?" என்று யாரோ கேட்டார்கள்.

முன்னே போகலாம், பின்னே வழுகாது என்று நான் சொன்ன தோல், அன்றைக்கு அந்த மலையில் இறங்குவதற்கும் அதேதான். தூரியின் தோல்கள் பாறைக்குள். தவமலர் தன் தோல்களைக் காட்டினாள், பிறகு முகத்தை மூடிக்கொண்டாள். போன ஞாயிற்றுக்கிழமை இரவல் வாங்கிய தோல்கள் அவை. இரவல் சாமானைக் கழுவாமல் எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஹீட்டரில் காய வைத்து, பசையெல்லாம் போய், மறுபடி இரவல் கேட்க வெட்கப்பட்டு, அன்று காலை டேப்பால் ஒட்டிக்கொண்டு ஏறி வந்திருக்கிறாள். டேப் குளிரில் சுக்கு நூறாய்க் கிடந்தது.

எல்லாரும் என் நெஞ்சைப் பார்த்தார்கள்.

அங்கே என் ஜாக்கெட்டுக்குள்ளே, சட்டையோடு ஒட்டி, பசை சூடு ஆறாமல், தூரி சொல்லித் தந்தபடி வைத்த இரண்டு தோல்கள் இருந்தன. அந்த ஸ்கீ வேறு ஒருவர் காலுக்கும் பொருந்தாது. "எனக்கு ஏலாது," என்றேன். "நான் நடுவிலை விழுந்துபோவன். கயிறும் போயிடும். வேறை ஆரையும் பாருங்கோ." யாரும் என்னை வற்புறுத்தவில்லை. அதுதான் கஷ்டமாயிருந்தது. தூரி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள்.

நான் குனிந்து தோலை ஒட்டத் தொடங்கினேன். என் வீட்டுக்காரர் கயிற்றை என் இடுப்பில் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

கொஞ்சத் தூரம் போனேன். முகம் கீழே; முன்னே ஒரு கால், பிறகு மற்றக் கால்; மயிர் பனியைப் பிடித்தது. ஆனால் மலை முழுக்க என் நெஞ்சில் கைவைத்து, போகாதே, போகாதே என்று பின்னே தள்ளியது. லிப்டின் மூன்றாவது கம்பத்தடியில், திரும்பிப் பார்க்காதே என்று எனக்கே சொல்லிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். உச்சியில் வெயிலில் அந்தக் கூட்டம் கறுப்பாய்த் தெரிந்தது. ஸ்கீ இரண்டும் குறுக்கே பின்னிக்கொண்டன. விழுந்தேன்.

விழுந்து, முதுகில், தலைகீழாய், கயிறு சுற்ற, மலை என்னை அள்ளிக்கொண்டு போனது. இதோ செத்தேன், இதோ செத்தேன் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே கைகள் என்னைப் பிடித்தன. எத்தனை கைகள் என்று தெரியவில்லை. கையுறை போட்டவை, போடாதவை, மீன் வாசம் அடித்தவை. யாரோ என் தொப்பியைத் தட்டிப் போட்டார்கள். யாரோ வாயில் சூடாய்க் கோப்பி வைத்தார்கள். மதகுரு என் ஸ்கீயைப் பிரித்துவிட்டார்.

"வந்திட்டீரே?" என்றார் என் வீட்டுக்காரர்.

"வந்திட்டன்," என்றேன்.

தவமலர் என் முகத்தில் ஒட்டியிருந்த பனியைத் துடைத்தாள். "பாத்தீங்களே அக்கா, விழுந்தால் எங்கை போறீங்கள்? எங்களிட்டைத்தானே வாறீங்கள்."

அவள் அதைப் பகிடிக்குத்தான் சொன்னாள். எனக்கு அது பகிடியாய்ப் படவில்லை. நான் பிறந்த நாளிலிருந்து பயந்தது என்ன? விழுவதை. விழுந்தால் என்ன பயம்? எல்லாரையும் விட்டு, தனியாய், கீழே எங்கேயோ போய்க் கிடப்பேன் என்பதுதானே. அந்த ஒரு நாள், அந்த ஒரு மலையில், விழுகிறவள் போகிற இடம் ஆட்கள் இருக்கிற இடமாய் இருந்தது. இதைவிடப் பத்திரமான ஒரு மலையில் நான் இனி எப்போது நிற்கப் போகிறேன்?

எழும்பிப் போனேன். பயம் போனது என்று சொன்னால் பொய். பயத்தோடுதான் போனேன், ஆனால் அது என் கூடவே நடந்து வந்தது, என்னைப் பிடித்து இழுக்கவில்லை. பிர்ச் மரத்தைக் கடந்தேன். அதற்குக் கீழே வலக்கால் தோலின் பின்முனை உரிந்து அடிக்கத் தொடங்கியது. அந்தக் காலைப் பக்கவாட்டில் குத்திக் குத்தி, இடக்காலால் இழுத்து இழுத்துப் போனேன். தூரி, தூரி என்று சொல்லிக்கொண்டே போனேன். காலுக்கு ஒரு தூரி. ஓட்வார் லிப்ட் வீட்டு வாசல் கம்பியில் தன்னைப் பெல்டால் கட்டிக்கொண்டு நின்றான். ஊரே போனபோதும் தன் இடத்தை விட்டுப் போகாதவன் அவன். கையை நீட்டி என் கயிற்றைப் பிடித்தான், லிப்ட் கம்பி ஓடும் பெரிய சில்லைச் சுற்றி எடுத்தான், தலைப்பில் ஒரு வெறும் கோப்பிப் பிளாஸ்கைக் கட்டினான், கையை விட்டான். அது சிறுபிள்ளை போலத் துள்ளித் துள்ளி மேலே ஓடியது.

பிறகு இழுத்தார்கள். எங்கள் ஆட்களுக்குக் கரைவலை இழுத்த கை, நோர்வேக்காரருக்குப் படகு இழுத்த கை. முதலில் இரண்டு விதமாய் இழுத்து, கயிறு நடுங்கி, வண்டி அசையாமல் நின்றது. தவமலரின் குரல் கீழேவரை கேட்டது: "ஒருக்கா எல்லாரும் சேந்து! இழு!" அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. ஊர் முழுக்க, தமிழும் நோர்வேயும், மதகுருவும் கடைக்காரியும், ஒரே வாயாய் "இழு" என்று சொல்லி இழுத்தார்கள். அந்தச் சொல் இன்றைக்கு எங்கள் ஊர் நோர்வே மொழியில் கலந்துவிட்டது, கார் பனியில் புதைந்தாலும் அதைத்தான் சொல்கிறார்கள். வண்டி இறங்கியது. மெல்ல, ஆட்டமில்லாமல், வெயிலில் இருந்து நிழலுக்குள். நான் மலையடியில் நின்று கையை நீட்டிக்கொண்டே இருந்தேன். தூரியின் கை முதலில் எட்டியது.

"கெதியா," என்றாள் தமிழில்.

வண்டியில் கூடவே இறங்கிய ஆம்புலன்ஸ்காரி அவளை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள். பாதம் பிழைத்தது, இரண்டு விரல்கள் போயின, அவற்றை அவள் கணக்கில் எடுப்பதில்லை. மற்றவர்களை இரண்டிரண்டு பேராய் அதே கப்பியில் இறக்கினோம். கீழே வந்தவர்கள் மேலே இருந்தவர்களுக்காக இழுத்தார்கள், இறங்கியவர்கள் எல்லாம் வெயில் பட்டுச் சிவந்த முகத்தோடு இருந்தார்கள், சொதி அந்தளவு பேருக்கும் காணும்படியாக இருந்தது என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்கிறார்.

மலை அந்தக் குளிர்காலம் முழுக்க அப்படியே இருந்தது. ஊர் அதற்குப் பழகிவிட்டது. நகரசபை கூடி, ஏறுவது எல்லாருக்கும் சும்மா, இறங்கத்தான் லிப்ட் என்று முடிவெடுக்க, ஓட்வார் மோட்டரை மறுபக்கம் சுற்ற வைத்தான். ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல் இருந்த இரண்டு சகோதரர் தற்செயலாய் ஒரே மீன் பெட்டியில் உச்சிக்குப் போய், லிப்ட் வரும்வரை வேறு வழியில்லாமல் கதைத்தார்கள். ஞாயிறு பூசையை உச்சியில் வைத்தார் மதகுரு. அவ்வளவு சனம் தேவாலயத்துக்கு வந்ததில்லை. எங்கள் தமிழ்ச் சங்கம் வருடாந்தக் கூட்டத்தை அங்கே நடத்தியது, வழக்கம்போலச் சண்டை வந்தது, ஆனால் கோபித்துக்கொண்டு எழும்பிப் போனவர்களை மலை திருப்பிக் கொண்டுவந்து விட்டது. வெளியூரிலிருந்து வந்து அளந்து பார்த்தவர்கள் மறுபடியும் ஒருமுறை அளந்துவிட்டுப் போனார்கள். பனி கரைந்து முதல் மழை வந்தபோது, ஓடை வழக்கம்போலக் கீழே ஓடியது. அடுத்த குளிர்காலம் விழுந்த பனி, எல்லா இடத்துப் பனியையும் போல, கீழேதான் சறுக்கியது. ஊரில் சிலர் கொஞ்சம் கவலைப்பட்டார்கள், அவ்வளவுதான்.

எனக்குப் பயம் திரும்பி வந்தது. இப்போது விழுந்தால் கீழே. ஆனால் உச்சியைக் கண்டுவிட்ட கால் பிர்ச் மரத்தடியில் நிற்க மறுக்கிறது. ஆகவே இந்த வருடம், வெயில் திரும்பி வந்த முதல் ஞாயிறு, உச்சிவரை ஏறினேன். தோலை உரித்து நெஞ்சில் வைத்தேன். கீழே பார்த்தேன். பிறகு, வாழ்நாளில் ஒருவரிடமும் உதவி என்று ஒன்றும் கேட்காத நான், பக்கத்தில் நின்றவர்களிடம் கேட்டேன்.

"நீங்கள் எல்லாரும் முதல்லை போங்கோ. போய்க் கீழை, வழியெல்லாம், ஆளுக்கு ஓரிடத்திலை நில்லுங்கோ. நான் விழுந்தால் உங்களிட்டைத்தான் வரவேணும்."

யாரும் சிரிக்கவில்லை. தவமலர் முதல் வளைவில் போய் நின்றாள். அதற்குக் கீழே கடைக்காரி, அதற்குக் கீழே மதகுரு, பிறகு சப்பாத்துப் போட்ட என் வீட்டுக்காரர். எல்லாருக்கும் அடியில், மலை முடிகிற இடத்தில், மடக்குக் கதிரையில் கம்பளி போர்த்தி, ஊன்றி நடக்கும் பொல்லை மடியில் வைத்துக்கொண்டு தூரி இருந்தாள். இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

ஒவ்வொருவரும் தங்கள் இடத்தில் நிற்கிறார்களா என்று மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தேன். கீழிருந்து மேலே ஒருமுறை பார்த்தேன். நின்றார்கள். கம்புகளைத் தூக்கினேன்.